தகட்டைத் தாங்குவது எது?

மல்லிக் பஜாரில் ஜீப்புக்குக் கவசம்

கொல்கத்தாவில் பார்க் தெருவும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் கூடும் இடத்தில் இருக்கிறது மல்லிக் பஜார். ஓடி ஓய்ந்த மோட்டார் வண்டிகளின் உறுப்புகளுக்குப் பெயர் போன இடம் அது. கதவு, கண்ணாடி, பம்பர், ரேடியேட்டர், கியர் பெட்டி என்று கடை வாசல்களில் குவிந்து கிடக்கும். நடைபாதையில் போகிறவர் ஆக்ஸிலையும் டயரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

இதுபோன்ற பட்டறைகளுக்கு ஜீப் வைத்திருப்பவர்கள் சிலர் ஒரு தனிக் கோரிக்கையோடு வருவதுண்டு. வண்டிக்குக் கவசம் கட்டித் தர வேண்டும் என்பதே அது.

கவசம் என்றதும் துப்பாக்கிக் குண்டை நினைக்க வேண்டாம். இது கல்லுக்கும் மரக்கட்டைக்கும் எதிரான கவசம். டார்ஜிலிங் மலைப்பாதை, டுவார்ஸ் பக்கத்து ஆற்றுப் படுகை, புருலியாவின் பாறை மேடு ஆகிய இடங்களில் ரோடு என்று ஒன்று இல்லாத வழியில் ஜீப்பை ஓட்டுகிறவர்களுக்கு மூன்று இடங்களில் அடி விழும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் விளிம்பு முதல் இடம். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மூலை இரண்டாவது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் அடிவயிறு மூன்றாவது. ஜீப்பின் பாடித் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம்தான். ஒரு பாறை உரசினாலே உள்ளே போய்விடும். அதன் மேல் இன்னொரு தகடு போட்டு மூடிவிட்டால் கவலை தீர்ந்தது என்று வண்டிக்காரர் நினைக்கிறார்.

அனுபவமுள்ள மிஸ்திரி அப்படி நினைப்பதில்லை. எத்தனை மில்லிமீட்டர் தகடு என்று கேட்பதற்கு முன்னால் அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறார். அவர் பார்ப்பது தகட்டை அல்ல. தகட்டைத் தாங்கப் போகிற சட்டத்தை. இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் அந்தப் பார்வையில் அடங்கியிருக்கிறது எனலாம்.

டாடாநகர் வண்டிகள்

வண்டிக்குத் தகடு கட்டும் வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. எண்பது வருஷங்களுக்கு முன்னால் இதே வேலை மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது.

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. பிரிட்டனின் ஆலைகளுக்குத் தன் சொந்த சேனைக்கு வண்டி கட்டிக் கொடுப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆகவே இந்தியப் படைப்பிரிவுகளுக்கு வேண்டிய கவச வண்டிகளை இங்கேயே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. மோட்டார் எஞ்சினையும் சேஸிஸையும் முழுக்க முழுக்க இங்கேயே தயாரிக்கும் நிலைமை அப்போது இந்தியாவில் இல்லை. ஆனால் எஃகு இருந்தது. தகட்டை வெட்டவும் வளைக்கவும் ரிவெட் அடிக்கவும் தெரிந்த ரயில்வே பட்டறைகள் இருந்தன.

நான்கு சக்கரமும் இழுக்கும் சேஸிஸ் கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. கவசத் தகடு ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையில் உருவாயிற்று. ரயில் பெட்டிக்குத் தகடு அடித்துப் பழகிய கைகள் அந்த சேஸிஸ் மேல் கவசக் கூடு கட்டின. ராணுவப் பதிவுகளில் இதன் பெயர் 'சக்கரக் கவச வண்டி, இந்திய மாதிரி' என்பது. வழக்கில் நின்ற பெயர் 'டாடாநகர்'. யுத்த காலத்தில் இப்படி 4,600-க்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராயின. வட ஆப்பிரிக்காவின் மணலிலும் இத்தாலியிலும் இந்தியச் சிப்பாய்கள் இவற்றில் போனார்கள்.

அதே வருஷங்களில்தான் ஹௌரா பாலமும் எழுந்தது. 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 26,500 டன் எஃகு இருக்கிறது. அதில் 23,000 டன் 'டிஸ்க்ரோம்' என்ற உயர்வலு எஃகு. டாடா ஆலையிலிருந்து வந்தது. நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட்டாலேயே இணைத்த பாலம் அது. தினமும் அதைக் கடந்து ஆபீசுக்குப் போகிற நம்மவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பாலத்துக்கு எஃகு காய்ச்சிய அந்த ஆலைதான் யுத்த வண்டிகளுக்கும் தகடு கொடுத்தது.

அடிச்சட்டத்தின் கதை

ஜாம்ஷெட்பூரில் சிங்பூம் பட்டறை என்று ஒன்று இருந்தது. 1921-ல் பெனின்சுலார் லோகோமோட்டிவ் கம்பெனி என்ற பெயரில் ரயில் எஞ்சின் செய்வதற்காக ஏற்பட்ட ஆலை அது. எதிர்பார்த்த ஆர்டர் வராமல் கம்பெனி நொடித்தது. பிறகு ஆலை கிழக்கிந்திய ரயில்வேயின் கைக்கு வந்து, ரயில் பெட்டிகளுக்கு வேண்டிய அடிச்சட்டங்கள் அங்கே தயாராயின. 1945 ஜூன் 1-ம் தேதி டாடாக்கள் அந்தப் பட்டறையை வாங்கினார்கள். அங்கே ஆரம்பித்த டெல்கோதான் இன்றைய டாடா மோட்டார்ஸ்.

அடிச்சட்டம் என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஜீப்புக்குக் கவசம் கட்டுகிறவருக்கு அதைவிட முக்கியமான சொல் இல்லை.

அந்தக் காலத்து ரயில் பெட்டியில் கனமான எஃகு அடிச்சட்டம் ஒன்று இருக்கும். இழுப்பு, இடிப்பு, பாரம் எல்லாம் அதன் தலையில்தான். மேலே இருக்கும் மரக்கூடு பயணிகளுக்கு வெயிலும் மழையும் படாமல் காக்குமே தவிர எதையும் தாங்காது. மோதல் நேர்ந்தால் ஒரு பெட்டியின் அடிச்சட்டம் அடுத்த பெட்டிக்குள் நுழைந்து கூட்டை நொறுக்கிவிடும். 1955 அக்டோபர் 2-ம் தேதி பெரம்பூரில் தொடங்கிய இண்டெக்ரல் கோச் பாக்டரி இந்த முறையை மாற்றியது. ஸ்விட்சர்லாந்து முறைப்படி அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டு, கூடு முழுவதும் சேர்ந்து பாரத்தைத் தாங்கியது. பெட்டியின் ஓரத்தில் 'ஆன்டி டெலிஸ்கோபிக்' என்று எழுதியிருந்ததை வெகு பேர் படித்திருப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையாத பெட்டி என்று அதற்கு அர்த்தம்.

மோட்டார் வண்டியிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. பழைய வில்லிஸ் ஜீப்பும், 1947-லிருந்து மஹிந்திரா கம்பெனி இங்கே பூட்டிக் கொடுத்த ஜீப்புகளும் முதல் ஜாதி. ஏணி மாதிரி ஒரு சேஸிஸ். அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்த்திய பாடி. இன்றைய கார்களில் பெரும்பாலானவை இரண்டாவது ஜாதி. அவற்றில் தனிச் சேஸிஸ் கிடையாது, கூடே சட்டம். பார்வைக்கு ஜீப் போல உயரமாக நிற்கும் புது வண்டிகளிலும் பல இந்த ரகம்தான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் தகடு கட்டினால் பணம் போவதோடு வண்டியும் கெடும். ஏணிச் சேஸிஸ் உள்ள ஜீப்பில் பக்கவாட்டுக் குழாயைச் சேஸிஸிலிருந்து கை நீட்டித் தாங்கலாம். கூடே சட்டமாக உள்ள வண்டியில் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு வெறும் அலங்காரம் அல்ல. வண்டியின் முதுகெலும்பில் ஒரு பாகம். அங்கே கண்டபடி துளை போட்டு வெல்டு வைத்தால் கவசம் கட்டுவதாக நினைத்து எலும்பை முறித்ததாகிவிடும்.

அட்டையில் வெட்டி அளவு பார்

இனி வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கலாம்.

முதலில் வண்டியைக் கழுவி, பின் விளக்கு, மட்கார்டு ரப்பர், பெட்ரோல் மூடி முதலியவற்றைக் கழற்றுகிறார்கள். பழைய நெளிசலை உள்ளிருந்து தட்டி எடுக்கிறார்கள். துருவைச் சுரண்டி இரண்டு கோட் பிரைமர் அடிக்கிறார்கள். அவசரக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுவதுண்டு. நெளிசலுக்கு மேல் தகடு போட்டால் இரண்டுக்கும் நடுவில் மழைத் தண்ணீர் நிற்கும். வங்காளத்து மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனி பிறந்தால் புரட்டாசி வரை காற்றிலேயே ஈரம். வெளியே பளபளக்கும் தகட்டுக்குப் பின்னால் பாடி உளுத்துக்கொண்டிருக்கும். கை வைத்தால்தான் தெரியும்.

அடுத்தது அட்டை. தையற்காரர் துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது போல, அட்டைப் பெட்டியைப் பிரித்து வண்டியின் மேல் ஒட்டி அளவெடுக்கிறார்கள். சக்கர வளைவு, விளக்குத் துளை, பெட்ரோல் வாய், ஜாக்கி வைக்கும் இடம், தண்ணீர் வடியும் ஓட்டை எல்லாவற்றையும் பென்சிலால் குறிக்கிறார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். இடது பக்க அட்டையைத் திருப்பிப் போட்டால் வலது பக்கத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். பழைய ஜீப்பில் பெரும்பாலும் இராது. எங்கேயோ எப்போதோ வாங்கிய இடியில் ஒரு பக்கம் அரை அங்குலம் சாய்ந்திருக்கும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அட்டை.

மெல்லிய தகட்டைக் கத்தரியாலும், கனத்த தகட்டைக் கிரைண்டர் சக்கரத்தாலும் வெட்டுகிறார்கள். பிறகு வளைப்பு. கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்புறத்தில் கீறல் விழும். மடிப்பின் உள்வளைவு தகட்டின் கனத்துக்காவது குறையாமல் இருக்க வேண்டும் என்பது பட்டறைப் பாடம். அலுமினியத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. விறைப்பேற்றிய சில கலவைகள் வளைக்கும்போதே வெடித்துவிடும்.

ஜீப் ரகத் தகட்டு வேலைக்கு வங்காளத்தில் பழக்கப்பட்ட கைகள் உண்டு. அம்பாசடர் கார் தயாரான உத்தரபாடா ஆலையிலேயே 'டிரெக்கர்' என்ற வண்டியும் தயாராயிற்று. தட்டையான தகடுகளால் ஆன எளிய வண்டி. ஜில்லா ரோடுகளில் வாழ்நாளைக் கழித்த அந்த வண்டிகளை நெளிவெடுத்துப் புதுத் தகடு வைத்து ஓட வைத்தவர்கள் ரோட்டோரப் பட்டறைக்காரர்களே. அதே மாதிரி, கிராண்ட் ட்ரங்க் ரோட்டில் பர்த்வானுக்கும் துர்காபூருக்கும் நடுவில் இருக்கிறது பானாகட். யுத்த காலத்தில் விமானதளமாக இருந்து இன்றும் ராணுவத்தளமாக இருக்கும் ஊர். ரோட்டின் ஓரத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே வரிசையாக உண்டு. சேஸிஸையும் தகட்டையும் தனித்தனியாகப் பார்த்துப் பழகியவர்கள் இவர்கள்.

கிலோக் கணக்கு

வண்டிக்காரர்கள் கேட்க மறப்பது எடையைத்தான். கணக்கு மிக எளிது.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் கனம் உள்ள எஃகுத் தகட்டின் எடை 7.85 கிலோ. அதே அளவு அலுமினியம் 2.7 கிலோ. இரண்டு பக்க விளிம்பு, இரண்டு பின் மூலை, பின் கதவு எல்லாம் சேர்த்து இரண்டரை சதுர மீட்டர் தகடு தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் எஃகு போட்டால் கிட்டத்தட்ட 59 கிலோ. 5 மில்லிமீட்டர் போட்டால் 98 கிலோ. 3 மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் 20 கிலோ. பக்கவாட்டுக் குழாய்களும் அடிவயிற்றுத் தகடும் இதற்கு மேல்.

அதாவது 5 மில்லிமீட்டர் எஃகு கேட்கிறவர், கூலியும் கொடுத்து, இறங்கவே இறங்காத ஒன்றரைப் பிரயாணியை நிரந்தரமாக ஏற்றிக்கொள்கிறார். ஸ்பிரிங் அமுங்கும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். தகடு உயரத்தில் ஏற ஏற, சாய்வான பாதையில் வண்டி கவிழும் அபாயமும் ஏறும். கல்லில் அடிபட்ட பாடியைத் தட்டி எடுக்கலாம். பள்ளத்தில் உருண்ட வண்டியை என்ன செய்வது?

ஆகவே தேர்ந்த மிஸ்திரிகள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். கனமான தகடு அடிவயிற்றுக்கு. நடுத்தரம் பக்க விளிம்புக்கு. மெல்லியது பின் மூலைக்கு. மேலே போகப் போகக் கனம் குறைய வேண்டும். இடுப்புக்கு மேல் தகடே வேண்டாம்.

போல்ட்டும் வாஷரும்

பின் மூலைத் தகட்டைப் பாடியில் போல்ட் போட்டுப் பொருத்தினால் போதும். உரசலைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை. உள்பக்கம் அகலமான வாஷரோ, ஒரு பட்டைத் தகடோ வைத்து முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் அடியிலேயே போல்ட் மெல்லிய பாடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். துளை போட்ட விளிம்புக்குப் பெயின்ட் தொட்டு வைக்க வேண்டும். துரு அங்கேதான் முதலில் குடியேறும்.

எஃகுப் பாடியின் மேல் அலுமினியத் தகடு போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் ஈரம். இது பாட்டரியின் லட்சணம். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாக உதிரும். பெயின்ட், ரப்பர், நைலான் வாஷர் எதையாவது இடையில் வைத்து உலோகத்தோடு உலோகம் படாமல் செய்ய வேண்டும்.

பக்கவாட்டுக் குழாயின் விஷயம் வேறு. வண்டியின் பாதி எடை ஒரு பாறை மேல் உட்காரும்போது அதைத் தாங்க வேண்டியது அந்தக் குழாய். அதைப் பாடியில் மாட்டினால் குழாய் வளையாது, பாடி வளையும். கதவு மூடாது. சேஸிஸிலிருந்து பக்கத்துக்கு மூன்று கைகளாவது நீள வேண்டும். கை சேரும் இடத்தில் ஒரு பட்டைத் தகட்டை வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். சேஸிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக் கூடாது. பாரம் முழுவதும் அந்த விளிம்புகளில்தான் ஓடுகிறது. லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஜீப் என்றால் மறந்துவிடுகிறார்கள்.

வேலை செய்கிறவரின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெல்டு வைப்பதற்கு முன் பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்கை இறக்கி அப்பால் வைக்க வேண்டும். நாகமுலாம் பூசிய தகட்டில் முலாமைச் சுரண்டாமல் வெல்டு வைத்தால் வரும் வெள்ளைப் புகை ராத்திரி காய்ச்சலில் படுக்க வைக்கும். கிரைண்டர் சக்கரம் உடைந்தால் துண்டு கண்ணை நோக்கி வரும். ரோட்டோரத்தில் செருப்புக் காலோடும் வெறுங்கண்ணோடும் வேலை செய்யும் பையன்களைப் பார்க்கிறோம். வண்டிக்குக் கவசம் கட்டுகிறவன் கண்ணுக்கு ஒரு கண்ணாடிக் கவசம் இல்லை. நூற்றுக்கணக்கில் விலை உள்ள ஒரு சாமான் அது. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தகடு போடுகிறவர் அதையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தால் குறைந்துபோக மாட்டார்.

குண்டு துளைக்காதா?

தகடு கனமாக இருந்தால் குண்டு துளைக்காது என்று சிலர் நம்புகிறார்கள். இது தவறு. நூறு வருஷங்களுக்கு முன்பே அடிபட்டுத் தெரிந்துகொண்ட தவறு.

1914-ல் முதல் உலக யுத்தம் தொடங்கியபோது பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவினர் தங்கள் மோட்டார் கார்களுக்கு உள்ளூர்க் கப்பல் பட்டறையில் தகடு அடித்துக்கொண்டார்கள். கிடைத்தது பாய்லர் தகடு. நீராவியின் அழுத்தத்தைத் தாங்கும் தகடு ஆயிற்றே, குண்டைத் தாங்காதா என்று தோன்றலாம். கிட்டத்திலிருந்து சுட்டால் தாங்கவில்லை. கவச எஃகு என்பது வேறு சரக்கு. அதன் கலவை வேறு. காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்கும் முறையும் வேறு. இஷ்டத்துக்கு வெல்டு வைத்தால் சூடு பட்ட இடத்தில் அந்தக் கடினமும் போய்விடும். டாடா ஆலை யுத்தத்துக்கு முன்பே, 1937-ல், தனி ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தது. அப்படிப்பட்ட ஏற்பாடு இருந்ததால்தான் கவசத் தகடு அங்கே சாத்தியமாயிற்று.

இதே கதை 90 வருஷங்கள் கழித்துத் திரும்பவும் நடந்தது. 2004 டிசம்பரில் குவைத்தில் அமெரிக்க ராணுவ மந்திரி ரம்ஸ்ஃபெல்டின் கூட்டத்தில் ஒரு சிப்பாய் எழுந்தான். எங்கள் வண்டிகளுக்குக் கவசம் கட்டக் குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்க வேண்டியிருக்கிறதே, ஏன் என்று கேட்டான். உலகத்திலேயே பணக்கார சேனையின் நிலைமை அது. பிறகு கனமான தகடுகள் முறைப்படி வந்து சேர்ந்தன. தகடு ஏறியதும் எஞ்சினும் ஸ்பிரிங்கும் திணறின. வண்டிகள் கவிழ்வது புதுக் கவலையாயிற்று.

நம் ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி கட்டும் முறையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே தகடு, எஞ்சின், சக்கரச் சங்கிலி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் முதலிலேயே தீர்மானிக்கிறார்கள். கட்டி முடித்த வண்டியின் மேல் பின்னால் தகடு ஏற்றுவது, கட்டிய வீட்டின் மேல் அஸ்திவாரத்தைப் பார்க்காமல் இரண்டு மாடி எழுப்புவதற்குச் சமம்.

எதிரே வருகிறவர்

இன்னும் ஒருவரைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஜீப்பில் இல்லை. எதிரே ரோட்டைக் கடக்கிறார்.

காட்டில் மரக்கட்டையை ஒதுக்கும் முன் கம்பி, சௌரங்கியில் மனிதனை மோதினால் என்ன ஆகும்? காரின் முன்பாகத்தை இன்று மெத்தென்று நசுங்கும்படி செய்கிறார்கள். நசுங்கினால்தான் அடிபட்டவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் அதிர்ச்சி குறையும். அதன் முன்னால் இரும்புக் கம்பியை நிறுத்திவிட்டால் நசுங்க வேண்டியது நசுங்காது. காற்றுப் பை உள்ள வண்டியில் அது விரிய வேண்டிய நேரத்தில் விரியாமலும் போகலாம்.

இதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன் கம்பி பொருத்திய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது.

பதிவுப் புத்தகத்தில் 'காலி எடை' என்று ஒரு விவரம் இருப்பதைப் பலர் படிப்பதே இல்லை. மேலே போட்ட கிலோக் கணக்கு அங்கே போய் முட்டுகிறது. எனவே தகடு வாங்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் ஒரு முறை விசாரிப்பது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், நஷ்டஈடு கேட்கும்போது அந்தத் தகடே எதிர்சாட்சியாக நிற்கும்.

மலைமேல் ஒரு பாடம்

தகடே இல்லாமல் எழுபது வருஷம் ஓடலாம் என்பதற்கும் வங்காளத்திலேயே அத்தாட்சி உண்டு. டார்ஜிலிங் ஜில்லாவில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்ஃபூ வரை சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதை. அந்தப் பாதையில் பிரயாணிகளை ஏற்றி வந்தவை 1950-களில் வந்த லாண்ட் ரோவர் வண்டிகள். அவற்றின் பாடி அலுமினியக் கலவை. யுத்தத்துக்குப் பின் பிரிட்டனில் எஃகு ரேஷனில் இருந்ததால் வந்த ஏற்பாடு அது. அடியில் மட்டும் கெட்டியான எஃகுச் சேஸிஸ். பல வண்டிகளில் எஞ்சினை மாற்றி மஹிந்திரா டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார்கள். பாடி நெளிந்தால் தட்டிக்கொள்கிறார்கள். நெளிசலைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. சேஸிஸில் கீறல் விழுந்தால் மட்டும் வண்டி நிற்கும்.

மல்லிக் பஜார் மிஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதும் அதைத்தான்.

வேலை முடிந்ததும் நல்ல பட்டறையில் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். பக்கவாட்டுக் குழாயின் நடுவில் ஜாக்கியை வைத்து ஏற்றுகிறார்கள். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்புகின்றன. வண்டியின் பாதி எடை இப்போது அந்தக் குழாயில். வண்டிக்காரரை அழைத்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடச் சொல்கிறார்கள். கதவு முன்போலவே 'டக்' என்று மூடினால் கூலியை வாங்கிக்கொள்கிறார்கள். மூடாவிட்டால் குழாயை அறுத்து எடுத்துவிட்டு, மறுபடியும் சேஸிஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.